சுல்பிகாவின் நாடியும் ஒரு தாழ்ப்பாளும்

மருதமுனையில் ஒரு கிராம உத்தியோகத்தரின் குடும்பப் பதிவேட்டில் அவளைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: “குடும்பத் தலைவர்: முனாப் (வெளிநாடு). மனைவி: சுல்பிகா, வயது 38. தொழில்: இல்லை. தங்கி வாழ்பவர்.”

எழுத்து முத்துமுத்தாக இருக்கும். எழுதியவர் அப்துல் ஸமட், அந்தப் பிரிவின் உத்தியோகத்தர், வீடு வீடாகப் போய் விசாரித்துத்தான் எழுதுவார். இந்த வரியை அவர் எழுதிய அதே கிழமை, வியாழக்கிழமை பின்னேரம், அவருடைய மனைவி அஸ்னா அந்தத் தொழில் இல்லாதவளின் முன் அறையில் தலையை அண்ணாந்து சாய்த்து, கண்ணை இறுக மூடி, மேலுதட்டை உள்ளே மடித்துப் பிடித்தபடி இருந்தாள். இரண்டு கிழமைக்கு ஒரு வியாழன் என்று அஸ்னாவுக்கு முறை. மற்ற நாட்களுக்கு மற்றப் பெண்கள். சுல்பிகாவில் தங்கி வாழ்ந்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் அவளுடைய உம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வருவார்கள். கொஞ்சம் தாராளமாக எழுதினால் கடற்கரை வீதிக்கும் பிரதான வீதிக்கும் இடையில் வசிக்கும் பாதிப் பெண்களின் முகங்களும் வரும்.

அவளுடைய தொழில் நூல் போடுவது. தையல் நூலில் ஒரு முழம் எடுத்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மற்றதை இரு கைவிரல்களிலும் முறுக்கிக் கத்திரிபோல் விரித்து மூடினால் முகத்து முடி வேரோடு வரும். கைத்தறிக்குப் பேர்போன ஊரில் நூல் எடுத்துக் காசு பார்த்தவர்கள் பலர். தறி இல்லாமல் அதைச் செய்தவள் இவள் ஒருத்தி. பெயர்ப்பலகை கிடையாது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பயானில் புருவம் எடுப்பதைக் கண்டித்துச் சொன்னால் சனிக்கிழமை கூட்டம் குறையும். புதன்கிழமைக்குள் மேலுதடு, நாடி என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். நாடியில் முளைப்பதை எடுப்பதில் எந்தக் காலத்திலும் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை.

வருகிறவர்களுக்கு அவள் இரண்டு விஷயங்கள் சொல்வாள். ஒன்று: “பிளேட்டு மட்டும் வச்சிராதீங்க, ஆம்புளைக்கு முளைக்கிற மாதிரி முளைக்கும்.” மற்றது: “நூல் போடப் போட நாளடைவுல குறைஞ்சி வரும்.”

இரண்டும் பொய் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது பொய்க்குச் சாட்சி அவளுடைய நாடியிலேயே இருந்தது.

இளைய பிள்ளை பிறந்த வருடம் மோவாயில் அது முளைக்கத் தொடங்கியது. ஹோர்மோன் என்றார் டொக்டர், சூலகத்தில் நீர்க்கட்டி என்றார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயப்பட ஒன்றுமில்லாத அந்தச் சங்கதி முதலில் நாலாக இருந்து, பிறகு பதினைந்தாகி, இப்போது அறுபத்தொன்றில் நின்றது. அதில் ஒன்பது வெள்ளை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை, லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் நடுவில், வெயில் சரிந்து முன் அறை ஜன்னலால் விழுகிற அந்த ஒரு மணித்தியாலத்தில், கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு அவள் தன் நாடிக்குத் தானே நூல் போடுவாள். குளியலறைக்குக் கதவு உண்டு, வெளிச்சம் இல்லை. முன் அறைக்கு வெளிச்சம் உண்டு, கதவு இல்லை. ஒரு சீலைத் திரை மட்டும். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவான். ஆகவே உறுதிப் பத்திரப்படி அந்த வீடு அவளுடையது. அதில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்க ஓர் அறை மட்டும் அவளுக்கு இல்லை.

முனாப் கட்டாரில் குளிரூட்டி திருத்துகிறவன். போய்ப் பதினொரு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் லீவில் வருவான். பகல் சோறு உண்டால் முக்கால் மணித்தியாலம் அடித்துப் போட்டது போல நித்திரை கொள்வான். அந்த முக்கால் மணித்தியாலம் அவளுக்குக் காணும். இப்படியே ஐந்து லீவுகளைக் கடந்துவிட்டாள்.

ஆறாவது தடவை லீவு இல்லை. நோன்புக்கு முந்திய மாதம் குரல் பதிவு ஒன்று வந்தது. “கொம்பனி ஆக்களக் குறைக்கிறாங்க, சுல்பிகா. மூணு மாசத்தில வாறன். இனிப் போற இல்ல.”

அவள் அதை இரண்டு தரம் கேட்டாள். முதல் தரம் சந்தோஷமாக இருந்தது.

முப்பது நாளுக்கு ஒளிக்கத் தெரிந்த ஒன்றை மிச்சம் இருக்கிற ஆயுளுக்கு எப்படி ஒளிப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை. முடிவாக எடுத்துவிடுவதுதான் வழி. எடுப்பதற்கு உலகத்தில் இரண்டு வழிகள் உண்டு என்பதை அவள் தொலைபேசியில் பார்த்துப் பார்த்து மனப்பாடமாக வைத்திருந்தாள்: ஒன்று லேசர், மற்றது எலக்ட்ரோலிசிஸ் என்கிற கரண்ட் ஊசி.

லேசர் கல்முனை வரைக்கும் வந்திருந்தது. பஸாரில் ஒரு கடையின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் ஒரு பெண் டொக்டர் இருந்தார். சுல்பிகா முகத்தை மூடிக்கொண்டு போனாள்.

டொக்டர் விளக்கைக் கிட்டப் பிடித்து அவள் நாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நூல் போடுற நீங்களா?”

“ஓம், டொக்டர்.”

“எத்தின வருசம்?”

“பதினொண்டு.”

“அதுதான் ஒண்டும் தெரியல்ல. லேசர் முடியின்ட கறுப்பைத் தேடிப் போய் வேரைச் சுடுற சாமான். நீங்க வேரோட புடுங்கிட்டு வந்து படுத்தா அது எதைச் சுடும்? நாலு கிழமைக்கு நூலைத் தொடப்படாது. வளர வளர ஷேவ் பண்ணுங்க. பிறகு வாங்க.”

“ஷேவா?”

“ஓம். பிளேட்டால. தடிச்சி வராது, பயப்படாதீங்க. நுனி மட்டமா வெட்டுப்படும், அதால சொரசொரப்பாத் தெரியும். அது ஊரில கட்டின கதை.”

அந்தக் கதையை ஊரில் கட்டியவர்களில் ஒருத்தி டொக்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். “முழுக்கப் போகுமா, டொக்டர்?” என்று கேட்டாள்.

“நல்லாக் குறையும். மாசத்துக்கு ஒருக்கா வீதம் ஆறு, எட்டுத் தடவை. உங்களுக்கு ஹோர்மோன் இரிக்கிறதால திரும்பி வரவும் பார்க்கும், வருசத்துக்கு ஒண்டு ரெண்டு தரம் வந்து போகோணும். நம்மட நிறத்துக்குத் தோதான மெசின் இல்லாட்டி தோல் சுட்டுத் தழும்பு விழும். இஞ்ச இரிக்கிற மெசின் சரிவரும். ஆனா இந்த வெள்ளை முடி இரிக்கே, அதை லேசர் காணவே காணாது.”

முனாப் வருவதற்கு மூன்று மாதம். ஆறு தடவைக்கு ஆறு மாதம். அதோடு ஒன்பது முடி என்றைக்கும் மிச்சம். கணக்குச் சரிவராமல் வெளியே வந்தவள், காத்திருக்கும் வாங்கில் முனாபின் தங்கை ஷாஹினாவைக் கண்டாள். முகம் மூடியிருந்தபடியால் தலையைக் குனிந்து கடந்து போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் கதவின் கைப்பிடியைப் பிடித்த அவள் சுட்டுவிரலில் நூல் அறுத்த கோடு இருந்தது. அந்த விரலுக்குக் கீழே மாதாமாதம் படுக்கிறவள் ஷாஹினா.

“மதினி? நீங்க இஞ்ச என்ன?”

“விசாரிக்க வந்த” என்றாள் சுல்பிகா. வாய் தன்பாட்டில் மிச்சத்தையும் சொன்னது. “இப்பிடி மெசின் ஒண்டு நம்மட தொழிலுக்குச் சரிவருமா எண்டு. நீங்க என்னத்துக்கு மச்சி வந்த?”

“கால்ல ஒரு தடிப்பு” என்றாள் ஷாஹினா, மேலுதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு.

இருவரும் ஒருவரை ஒருவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டு பிரிந்தார்கள். சுல்பிகா சொன்னதை ஷாஹினா உண்மையாகவே நம்பிவிட்டாள் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

திரும்பும் வழியில் சுல்பிகா தன்னைத் தெரியாத ஒரு கடையில் ஒரு ரேசர் வாங்கினாள். வாங்கி அரிசி வாளிக்குள் ஒளித்தாள். மறுநாளே உம்மா அரிசி அளக்கப் போய் அதைக் கண்டெடுத்தா.

“மாப்புள வாறத்துக்கு இப்பவே ஆயத்தமா?” என்று சிரித்த உம்மா, கொஞ்சம் யோசித்துவிட்டு, “தாடி வச்ச மனிசனுக்கு இது என்னத்துக்குப் புள்ள?” என்று கேட்டா. ரேசர் குப்பைக்குப் போனது. அதோடு லேசரும் போனது.

மிஞ்சியது கரண்ட் ஊசி. அதற்கு இந்தக் கரையில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்: பாண்டிருப்பில், கோயிலுக்குப் பின் ஒழுங்கையில், மேனுஜா. கனடாவில் சித்தி வீட்டில் நின்று இதைப் படித்து, அங்கத்தைய குளிர் ஒத்துவராமல் திரும்பி வந்தவள். மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவில் மதில்கூடக் கிடையாது. இருந்தாலும் தன் தெருவில் ஒளிக்கிறதை அடுத்த தெருவில் சொல்லிவிடலாம் என்கிற சௌகரியம் அந்த எல்லையில் எப்போதும் இருந்தது. சுல்பிகா முதல் தடவையாக ஒரு வேற்றாளுக்கு முன்னால் முழுக் கதையையும் சொன்னாள். மேனுஜா விளக்குப் பொருத்திய பெரிய கண்ணாடி வில்லையை அவள் நாடிக்கு மேல் இழுத்தாள்.

“அக்கா, இதுக்கு நிறம் தெரியா. கறுப்பு, வெள்ளை, செம்பட்டை எல்லாம் ஒண்டுதான். ஒரு முடிக்கு ஒரு ஊசி. வேருக்குள்ள இறக்கிக் கொஞ்சம் கரண்ட் விடுவன். செத்த வேர் செத்ததுதான், திரும்பி வராது.”

“லேசர்?”

“லேசர் கெதியான வேலை. ஒரு வெளிச்சத்தில இருபது முப்பது முடியைச் சுட்டுப்போடும். கால், கை எண்டா நானே லேசருக்குத்தான் போகச் சொல்லுவன். உங்கட நாடிக்கு இதுதான் சரி. ஆனா பொறுமை வேணும். கிழமைக்கு ஒருக்கா வந்தா ஒரு வருசம் எடுக்கும், கூடினா ஒண்டரை.”

“அறுபத்தொண்டுக்கா?”

“அது நீங்க எண்ணினது. உள்ளுக்கு நித்திரை கொள்ளுறது வேற இரிக்கு. நூல் இழுத்து இழுத்து வேரும் வளைஞ்சு போயிருக்கும், ஊசி நேரா இறங்காது. நோகும். பொய் சொல்ல மாட்டன்.”

“நோவு காரியமில்ல.”

“அப்ப சரி. ஒரு கிழமை, பத்து நாள் நூல் போடாம வளர விட்டுட்டு வாங்க. அரை நெல்லுமணி உயரம் காணும். முடி வெளிய நிண்டாத்தான் நான் ஊசியை எங்க இறக்குற எண்டு தெரியும்.”

சுல்பிகா எழுந்து உட்கார்ந்தாள். “தங்கச்சி, நான் முகத்துக்கு முகம் வச்சி வேலை செய்ற ஆள். ஒரு சாண் தூரத்தில அவங்கட கண், அதுக்கு மேல என்ட நாடி.”

“மாஸ்க் போடுங்க.”

“நூலைப் பல்லால கடிக்காம எப்பிடிகா இழுக்கிற?”

மேனுஜா வில்லையைப் பக்கவாட்டில் தள்ளினாள். “ஒரு கிழமை லீவு எடுங்களன்.”

“ஒரு கிழமை நான் திரையை இழுத்து மூடினா, ஊர் முழுக்கப் பாணும் முட்டையும் கொண்டு சுகம் விசாரிக்க வரும். வந்து கட்டிலுக்குக் கிட்டத்தான் இரிப்பாங்க.”

மாதிரிக்கு என்று அன்றைக்கு ஒரே ஒரு முடிக்கு மேனுஜா ஊசி போட்டாள். நேற்று நூலுக்குத் தப்பிய ஒரு வெள்ளை முடி. எறும்பு கடித்தது போலச் சுரீரென்றது. சாமணத்தால் தொட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. பதினொரு வருடத்தில் போய்த் திரும்பாத முதல் முடி அது. அந்த இடத்தை அவள் நெடுநாள் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதி அறுபதோடு வாரங்கள் போயின. லேசர் என்றால் தினமும் ஒளித்துச் சிரைக்க வேண்டும். ஊசி என்றால் வளர்த்துக் காட்ட வேண்டும். ஒளிக்க அறை இல்லை, காட்டத் துணிவு இல்லை. இதற்கிடையில் நோன்பு வந்தது, பெருநாள் வந்தது, பெருநாளுக்கு முந்திய கிழமை அவள் நாளுக்கு முப்பது முகங்கள் என்று நூல் இழுத்தாள். ஒவ்வொரு முகத்துக்கும் “நாளடைவுல குறைஞ்சி வரும்” என்று சொல்லவும் செய்தாள். சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம்.

முனாப் ஒரு சனிக்கிழமை வந்து இறங்கினான். முதல் நாள் வெள்ளி பின்னேரம் அவள் கடைசியாக நூல் போட்டிருந்தாள்.

வெளிநாட்டுப் பெட்டி திறப்பது என்பது இரண்டு குடும்பத்துப் பெண்களும் கூடி நடத்துகிற காரியம். போர்வை வந்தது, பால்மா வந்தது, அத்தர் வந்தது, ஆளுக்கொரு டோர்ச் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளைப் பெட்டி ஒன்று. முனாப் அதை இரண்டு கையாலும் எடுத்தான்.

“இது சுல்பிகாக்கு. லேசர் மாதிரி, வெளிச்சத்தால சுடுற. வீட்டில வச்சே செய்யலாம். இனி நூலும் பல்லும் வேணா.”

“நான்தான் காக்காக்கு செல்லின” என்றாள் ஷாஹினா, தமையனைப் பார்த்துப் பெருமையாக. “மதினி கல்முனைக்குப் போய் விசாரிச்சாவே, அண்டைக்கு.”

சுல்பிகா கல்முனையில் சொன்ன பொய், கட்டாருக்குப் போய், சுங்கம் தாண்டி, வீட்டு நடு விறாந்தையில் வந்து உட்கார்ந்திருந்தது. உடனே போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். முதலில் முனாபின் உம்மாவான மாமி முன்வந்தா. மாமியின் மேலுதட்டில் இருந்தது முழுக்க நரை. வெளிச்சம் பளிச்சென்று அடித்தது, நரை அசையவில்லை. “சூடுகூடத் தெரியல்லயே மகன்” என்றா மாமி ஏமாற்றத்தோடு. முனாப் தன் கையை நீட்டினான். பதினொரு வருடம் கட்டார் வெயிலில் கறுத்த கை. மெசின் தோலைத் தொட்டுப் பார்த்து, சிவப்பு விளக்கைக் காட்டி, மாட்டேன் என்றது.

“மதினியின்ட நாடியில வச்சிப் பாருங்க” என்றாள் ஷாஹினா. “மதினிதான் நல்ல வெள்ளை.”

எல்லோரும் திரும்பினார்கள். சுல்பிகா டொக்டரிடம் கற்றதைத் துணைக்கு எடுத்தாள். “நூல் போடுற ஆக்களுக்கு இது வேலை செய்யாது. உள்ள வேர் இரிக்கோணும். நாலு கிழமைக்கு நூலைத் தொடாம இரிந்தாத்தான்.”

“அவ்வளவுதானே?” என்றாள் ஷாஹினா. “அப்ப நாம எல்லாரும் நாலு கிழமைக்கு நூலைத் தொடாம இரிப்பம். மதினியும்தான். ஆர்ட எப்பிடி வளருது எண்டு பார்ப்பம்.”

எல்லோருக்கும் அது பெரிய பகிடியாக இருந்தது. அவர்களுக்கு வளரப்போவது பூனைமுடி.

லீவில் வந்த முனாப் வேறு, தங்க வந்த முனாப் வேறு என்பதைச் சுல்பிகா ஞாயிற்றுக்கிழமையே கண்டுகொண்டாள். இந்த முனாப் பகலில் படுப்பதில்லை. பதினொரு வருடம் கட்டாரில் பகல் முழுவதும் வேலை செய்த உடம்பு, லீவில்தான் நித்திரை கொண்டிருக்கிறது. இது லீவு இல்லை என்று அதற்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். குழாய் திருத்தினான், மின்விசிறியைக் கழற்றிப் பூட்டினான், பிறகு முன் அறை வாசலில் நின்று சீலைத் திரையைப் பார்த்தான்.

“இதென்ன, தொழில் செய்ற இடத்துக்கு ஒரு கதவு இல்லாம? இதுக்குள்ளதான் மெசினை வைக்கப் போற. ஆக்கள் வெட்கப்படாம வரோணும்.”

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவன் முன் அறை நிலையில் உளியோடு நின்றான். வெளிச்சம் விழுகிற அந்த ஒரு மணித்தியாலமும் அவனுக்குத்தான் பயன்பட்டது. கதவு போடுகிற வேலை என்று சொல்லி அவள் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். நாடியில் புதன்கிழமை கை வைத்தபோது குத்தியது. பல் நோவு என்று முக்காட்டை வாய்வரை இழுத்துக் கட்டிக்கொண்டாள். முனாப் ஓடிப்போய்க் கராம்பு வாங்கி வந்தான். கன்னத்தைத் தடவிப் பார்க்கவும் வந்தான். அவள் விலகியதற்கு, “சரியான நோவு போல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். நல்ல மனிதனிடமிருந்து தப்பி ஒளிவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அந்தக் கிழமை தெரிந்தது. அவன் அக்கறைப்பட்ட ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நிற்க ஓர் இடம் குறைந்தது.

வியாழக்கிழமை பகல் கதவு முடிந்தது. பாலை மரம், பித்தளைத் தாழ்ப்பாள்.

“உள்ளுக்கு இரிந்து பூட்டலாம்” என்று அதை இரண்டு தரம் இழுத்துக் காட்டினான் முனாப். “ஒருத்தரும் வரமாட்டாங்க. பாரு.”

அவன் முகம் கழுவப் போனான். சுல்பிகா உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். ஜன்னலில் வெளிச்சம் சரியாக விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடி இருந்தது. நூற்கட்டை இருந்தது. பதினொரு வருடம் அவள் கேட்ட அறை இதுதான். கடைசியில், யாருக்கு ஒளிக்க வேண்டுமோ அவன் கையாலேயே கட்டிக் கிடைத்திருக்கிறது. முக்காட்டை அவிழ்த்தாள். கண்ணாடியில் ஆறு நாள் நாடி. நூலை அறுத்து ஒரு நுனியைப் பல்லில் கடித்தாள்.

பத்து நிமிட வேலை. நாளை மறுநாள் இன்னும் பத்து நிமிடம். இனி வெளிச்சம் எப்போதும் இருக்கும், தாழ்ப்பாள் எப்போதும் இருக்கும், மாமியின் வயது வரும்போதும் அவள் இந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து நரைமுடியை இழுத்துக்கொண்டிருக்கலாம். தடுக்க ஒருவரும் இல்லை. திரை இருந்த காலத்தில் யாராவது ஒருநாள் தற்செயலாக விலக்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. அது பயம் மட்டும்தானா, ஆசையும் கலந்திருந்ததா என்று இப்போது அவளுக்குச் சந்தேகம் வந்தது.

கதவு தட்டப்பட்டது. “ராத்தா, நான் அஸ்னா. கதவெல்லாம் போட்டு பெரிய எடுப்பாப் போச்சி. இண்டைக்கு என்ட வியாழன்.”

சுல்பிகா நூலைப் பல்லிலிருந்து எடுக்காமலேயே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். முக்காட்டை அவள் திரும்பக் கட்டவில்லை.

அஸ்னா வந்த வேகத்தில் கதிரையில் சாய்ந்து, வழக்கம்போலக் கண்ணை மூடி, உதட்டை மடித்தாள். இடப்பக்கம் கிட்டத்தட்ட முடிந்தது. எங்கோ ஒரு முடி சுள்ளென்று பிடுங்குப்பட, அவள் கண்ணைத் திறந்தாள். ஒரு சாண் மேலே சுல்பிகாவின் நாடி இருந்தது. அஸ்னா உதட்டை விடுவித்தாள்.

“ராத்தா, இது என்ன?”

“முடி.”

“உங்களுக்குமா?”

“எனக்குத்தான்.”

அஸ்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்ப நூல் போடப் போடக் குறையும் எண்டு செல்லுவீங்களே.”

“குறையாது. நான் செல்லின பொய் அது. எனக்கே பதினொரு வருசமாக் குறையல்ல. பிளேட்டு வச்சாத் தடிக்கும் எண்டதும் பொய்தான்.”

அஸ்னா உத்தியோகத்தரின் மனைவி, எந்தத் தகவலையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாதவள். “சரி” என்று திரும்பச் சாய்ந்தாள். “மற்றப் பக்கத்தையும் எடுங்க. இப்பிடிப் பாதியோட நான் வீட்ட போகேலா.”

மற்றப் பக்கமும் முடிந்து அஸ்னா எழும்பியபோது, வாசலில் முனாப் நின்றான். தாழ்ப்பாளுக்குப் போட வேண்டிய கடைசி ஆணி கையில் இருந்தது. அஸ்னா இருவரையும் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மஃரிப் தொழுகைக்கு முன் எத்தனை வீட்டுக்குப் போகலாம் என்று கணக்குப் பார்த்தவள் போல வேகமாக நடந்தாள்.

முனாப் கிட்ட வந்து பார்த்தான். பல் நோவு இல்லை என்பது அவனுக்கு முதலில் விளங்கியது.

“எப்ப இரிந்து?”

“சின்னவன் கிடைச்ச வருசம்.”

“நான் வாற நேரமெல்லாம் இல்லயே.”

“நீங்க பகல்ல நித்திரை கொள்ளக்குள்ள எடுப்பன்.”

அவன் ஆணியைக் கையில் உருட்டினான். “அப்ப அஞ்சு லீவும் நான் இந்த வீட்டுக்குச் செஞ்ச பெரிய உதவி நித்திரை கொண்டதுதான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தபடியால் இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

“நான் கொண்டு வந்த மெசின்?” என்றான். அதில் கொஞ்சம் மனவருத்தம் இருந்தது. “அதைப் போடுவமே.”

“அது கறுத்த முடிக்கு. எனக்கு வெள்ளையும் இரிக்கு. ஹோர்மோன் வேற, குறைஞ்சாலும் திரும்பி வரும், சிரைச்சிச் சிரைச்சி ஆயுளுக்கும் அதைப் பிடிச்சிட்டு இரிக்கோணும். மச்சிக்குச் சரிவரும். ஷாஹினாக்குக் குடுங்க.”

“உனக்கு?”

“ஊசி. பாண்டிருப்பில ஒரு புள்ள செய்யுது. ஒரு வருசம், ஒண்டரை வருசம் போகும். அதுவரைக்கும் கிழமைக் கணக்கில இப்பிடியே வளர்த்துட்டுத்தான் போகோணும். இதோடதான் இஞ்ச இரிந்து வேலையும் செய்வன்.”

“ஆக்கள் கதைப்பாங்க.”

“அஸ்னா இப்ப மூணாவது வீட்டில நிப்பா.”

முனாப் தலையாட்டினான். மோட்டர் சைக்கிளில் கொண்டுபோய் விடவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அவன் தாழ்ப்பாளின் கடைசி ஆணியை அறைந்தான். வாங்கியாயிற்று, வீணாக்க முடியாது.

அடுத்த நாலு நாளும் முன் அறை நிரம்பி வழிந்தது. பாதிப்பேர் நூல் போட வந்தவர்கள், பாதிப்பேர் பார்க்க வந்தவர்கள், பார்க்க வந்தவர்களில் சிலர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தங்கள் நாடியை அவளுக்கு மட்டும் காட்டி, பாண்டிருப்புக்கு எந்த ஒழுங்கையால் போவது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். இனி வரவில்லை என்று இரண்டு பேர் சொல்லி அனுப்பினார்கள். அப்துல் ஸமட் முனாப் திரும்பி வந்ததைப் பதிய வந்து, ‘வெளிநாடு’ என்பதை வெட்டி, “தொழில் தற்போது இல்லை” என்று முனாபுக்கு நேரே எழுதினார். சுல்பிகாவின் வரியைத் திருத்தவில்லை. மனைவியின் மேலுதடு யார் கையால் சுத்தமாகிறது என்று அவர் கேட்டதில்லை; அஸ்னாவும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பதினொரு நாள் வளர்ந்த நாடியோடு, முகத்தை மூடாமல், சுல்பிகா பிரதான வீதியால் பாண்டிருப்புக்கு நடந்து போனாள். மேனுஜாவின் கட்டிலில் ஒரு மணித்தியாலம் படுத்து, முதல் இருபது முடிகளை எடுப்பித்துக்கொண்டு, நாடி சிவந்து வீங்கியபடி, அதே வீதியால் திரும்பி வந்து வேலையைத் தொடங்கினாள்.